மூன்று நாள் தவணை

நான் சென்னை மண்ணடியில் பிறந்து வளர்ந்தவன். பாம்பைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்ததோடு சரி. டெக்சாஸின் மேற்கு மூலையில், எல் பாசோவில், ஊருக்குள் சின்ன வீடு போதும் என்றுதான் என் மனைவி சுலைகா சொன்னாள். நான்கு அறை வேண்டும் என்று நான்தான் ஒற்றைக் காலில் நின்றேன். கிடைத்தது ஊரின் கடைசித் தெரு. எங்கள் கல் சுவருக்கு அப்பால் மலைவரைக்கும் மண்ணும் முள்ளும்தான்.

செருப்பை உதறாமல் போடக் கூடாது, தேள் இருக்கும். மாலையில் உள்ளங்கை அகலச் சிலந்தி, வாசலில் கார் ஏறிவரும் டிரைவ்வேயைக் கடக்கும். அது போகிறவரை காரில் காத்திருப்பேன். இதையெல்லாம் ஆபீசில் வீரக்கதையாக அளந்துகொண்டிருந்தேன். தொண்ணூற்றெட்டு செப்டம்பரில் கார் நிறுத்தும் கராஜுக்குள் பாம்பு வந்ததும் வீரம் வடிந்துவிட்டது.

வாட்டர் ஹீட்டருக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது. மஞ்சள் உடம்பில் பழுப்புக் கட்டங்கள், மணிக்கட்டுப் பருமன். நான் மண் அள்ளும் ஷவலைத் தேடினேன். சுலைகா கையைப் பிடித்தாள். காயல்பட்டினத்தில் அவள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டாம்.

"வீட்டுக்குள்ள வந்தத எடுத்த எடுப்புல அடிக்கக் கூடாதுங்க. மூணு நாள் தவணை சொல்லணும். அப்பவும் போகலைன்னாதான் அடிக்கணும்."

விஷப்பாம்பாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். கராஜுக்குள் யாரும் போக வேண்டாம், வீட்டுக்குள் வரும் கதவுக்கு அடியில் துண்டைச் சொருகிவிடலாம் என்றாள். எங்கள் மகள் நதா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு வயது. அவள் முன்னால் பயந்தாங்கொள்ளியாக நிற்க எனக்கு மனமில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, அல்லாஹ்வின் பெயரால் சொல்கிறேன், இது எங்கள் வீடு, மூன்று நாள் தருகிறேன், போய்விடு, அதுவரை உன்னைத் தொட மாட்டேன் என்று பாம்பிடம் சொன்னேன்.

டெக்சாஸ் பாம்புக்குத் தமிழ் தெரியுமா என்று நதா ஆங்கிலத்தில் கேட்டாள். நியாயமான சந்தேகம். ஆங்கிலத்திலும் ஒருமுறை சொன்னேன். சுலைகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நதா சிரிக்கவில்லை. ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காலண்டரில் வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று கட்டங்களிலும் ஒவ்வொரு பாம்பு வரைந்தாள்.

சனிக்கிழமை காலை சுலைகா அவளைப் பள்ளிவாசலில் குர்ஆன் வகுப்புக்கு அழைத்துப் போனாள். நான் சும்மா இருந்திருக்கலாம். பாம்பு போய்விட்டதா என்று பார்க்க டிரைவ்வேயில் நின்று கராஜ் கதவைத் திறந்தேன். தற்காப்புக்கு என்று எனக்கே சொல்லிக்கொண்டு கையில் ஷவலை வைத்திருந்தேன்.

கதவு உயர்ந்து வெயில் உள்ளே விழுந்ததும் பாம்பு சுவரோரமாக ஊர்ந்து வந்தது. தலையும் பாதி உடம்பும் வாசலைத் தாண்டிவிட்டன. மலைப் பக்கம் பார்த்துத்தான் போனது. இரண்டு அடி விலகி நின்றிருந்தால் தன் பாட்டுக்குப் போயிருக்கும். நான் காலை நகர்த்தினேன். அது நின்று சீறியது. வால் உள்ளே கிடந்த அட்டைப்பெட்டியில் பட்டுப் படபடவென்று அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்குப் பிறகு நான் யோசிக்கவே இல்லை. மூன்று முறை அடித்தேன். முதல் அடியே போதுமாக இருந்தது.

பக்கத்து வீட்டு ரொடால்ஃபோ சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். அது விஷமில்லாத பாம்பு, வாலைக் கிலுக்கும் விஷப்பாம்பு ராட்டில்ஸ்நேக் மாதிரி வாலை ஆட்டிப் பயம் காட்டும், அவ்வளவுதான் என்றார். இத்தனை நாள் அது தின்ற எலிகளை இனி நான்தான் கவனிக்க வேண்டும் என்றும், எலி பெருகினால் அதைத் தேடி நிஜ ராட்டில்ஸ்நேக் வரும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். பாம்பைக் குப்பைப் பையில் கட்டினேன். டிரைவ்வேயைக் கழுவினேன்.

நதா காரிலிருந்து இறங்கி ஓடி வந்து, போய்விட்டதா என்று கேட்டாள். போய்விட்டது என்றேன். சுலைகா ஈரமான தரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நதாவின் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த வாரம் குர்ஆன் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் என் மகள் இதைச் சொல்லியிருக்கிறாள். என் வாப்பா பாம்பிடம் மரியாதையாகப் பேசினார், அது சொன்ன தேதிக்குள் போய்விட்டது என்று. அங்கே ஒரு ஆன்ட்டி என்னிடம் பூரித்துப்போய்ச் சொன்னார். எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. அன்றே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டே மாதங்களை ஓட்டினேன்.

குளிர்காலத்தில் கராஜிலிருந்த அரிசி மூட்டையில் எலிகள் ஓட்டை போட்டன. ஏப்ரலில் ஒரு மாலை, கொல்லையிலிருந்து நதாவின் குரல் கேட்டது. யாரோடு பேசுகிறாள் என்று எட்டிப் பார்த்தேன். கல் சுவரின் அடியில் ராட்டில்ஸ்நேக் சுருண்டு, தலையைத் தூக்கி, வாலைக் கிலுகிலுத்துக்கொண்டிருந்தது. மூன்றடி தள்ளி என் மகள் கைகட்டி நின்று, எனக்குக்கூட வராத பொறுமையோடு, அதற்கு மூன்று நாள் தவணை சொல்லிக்கொண்டிருந்தாள். தமிழில் முடித்துவிட்டு ஆங்கிலத்தில் தொடங்கியிருந்தாள்.

பின்னாலிருந்து அவளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். பாம்பு பிடிக்கும் ஊர் அலுவலகத்துக்குத் தகவல் சொன்னதும் ஒரு ஆள் வந்து நீண்ட இடுக்கியால் அதைப் பிடித்து வாளியில் போட்டுக்கொண்டு போனார். நதாவுக்கு என் மேல் கோபம். நான் பேசி முடிப்பதற்குள் ஏன் தூக்கினீர்கள், போன தடவை வந்தது கேட்டதே, இதுவும் கேட்டிருக்குமே என்று ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினாள்.

இனியும் மறைத்தால் இவள் அடுத்த பாம்பின் முன்னாலும் போய் நிற்பாள். சமையலறைத் தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, அன்று நடந்ததைச் சொன்னேன். சுலைகா அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பாமலே நின்றாள்.

நதா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஃபிரிட்ஜில் காலண்டர் இருந்த பக்கம் பார்த்தாள்.

"வாப்பா, நீங்க அடிச்சப்ப அது கமிங் இன்னா, கோயிங் அவுட்டா?"

ஒரு பொய் கையெட்டும் தூரத்தில் இருந்தது. சொல்ல முடியவில்லை.

"வெளியதான்மா போயிட்டிருந்துச்சு."

"அப்ப அது நீங்க சொன்னதக் கேட்டிருக்கு," என்றாள் நதா.