நாலு மூலை மஞ்சள்

அந்த வாரம் முழுக்க ராக்கையாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. திருப்பூர் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கறை எடுக்கிற வேலை அவருக்கு. தைத்து வரும் பீஸில் எண்ணெய்ப் பொட்டோ டீத் துளியோ இருந்தால், ஸ்பாட் கன் என்கிற கைத்துப்பாக்கியால் மருந்தடித்து, சுவடே தெரியாமல் ஆக்கிவிடுவார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். அப்பேர்ப்பட்ட மனுஷன் அந்த வாரம் மருந்து பாட்டிலின் மூடியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே மேசைக்கடியில் தேடிக்கொண்டிருந்தார்.

காரணம் மகள் நாகஜோதி. தினமும் பஸ்ஸில் போய்வந்து கோயமுத்தூரில் ஜவுளித் தொழில்நுட்பம் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். அவளுடைய கல்லூரி வருஷத்துக்கு ஒரு பிள்ளையை ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும். ஒரு வருஷப் படிப்பு, செலவெல்லாம் அவர்களுடையது. 2007-இல் அந்த ஒரு பிள்ளை இவள்தான். திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குச் சென்னையில் விசா நேர்காணல்.

அதற்குள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. பிறப்புச் சான்றிதழுக்குச் சொந்த ஊரான அருப்புக்கோட்டைக்கு இரண்டு நடை. பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை. ஃபோட்டோவில் பிள்ளை லேசாகச் சிரித்துவிட்டாள் என்று மறுபடி ஒரு ஃபோட்டோ. ராக்கையா தினமும் வேலை விட்டு வந்ததும் கால்கூடக் கழுவாமல் நீல ஃபைலைக் கவிழ்த்துத் தாள்களை எண்ணுவார். பதினொன்று இருக்க வேண்டும். பதினொன்று இருக்கும். மறுபடியும் எண்ணுவார்.

"தாளு என்ன குட்டியா போடப் போகுது" என்பாள் அவர் மனைவி வெள்ளையம்மாள்.

பன்னிரண்டாவது தாள் வியாழக்கிழமை கூரியரில் வந்தது. அதுதான் உயிர்நாடி. பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதம். கெட்டியான வெள்ளைத் தாள், கீழே வலது மூலையில் நீல வட்ட சீல், சீலின்மேல் பேராசிரியரின் பேனாக் கையெழுத்து. அசலைக் காட்டாமல் விசா இல்லை என்று கல்லூரியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நாகஜோதி அன்றைக்கே அதை ஜெராக்ஸ் எடுத்துவிட்டு, அசலை அம்மாவிடம் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ராக்கையா வீட்டுக்கு வந்தபோது, கடிதம் மாரியம்மன் படத்துக்கு முன்னால் தாம்பாளத்தில் இருந்தது. நாலு மூலையிலும் மஞ்சள். நடுவில் குங்குமம் வைக்காமல் விட்டாளே, அதுவரைக்கும் புண்ணியம்.

"அடிப்பாவி, என்ன காரியம்டி பண்ணிவச்சிருக்க?"

"நல்ல காரியத்துக்கு வந்த தாளு. மஞ்ச வைக்காம மூளியாவா அனுப்புறது?" வெள்ளையம்மாள் திரியைத் தூண்டிவிட்டுக்கொண்டே சொன்னாள்.

"இது கல்யாணப் பத்திரிகையாடி? வெள்ளைக்காரன் கையில குடுக்குற தாளு."

"விடுங்கப்பா. எழுத்து மேல படல. சீல்ல லேசா ஓரத்துல பட்டுருக்கு, அவ்வளவுதான்" என்றாள் நாகஜோதி.

அவ்வளவுதானா? பிள்ளைக்கு என்ன தெரியும். சரக்கு வாங்க வந்த இடத்தில், கடுகளவு கறைக்காக ஒரு லாட்டையே வேண்டாமென்று ஒதுக்கிவிட்டுப் போன வெள்ளைக்காரப் பையரை ராக்கையா தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். அந்தக் கடுகை அன்றைக்குக் கவனிக்காமல் விட்டதும் அவர்தான். அதற்கப்புறம் எந்தக் கறையையும் அவர் விட்டுவைத்ததில்லை. இந்தத் தாளில் ஒன்றல்ல, நாலு.

சனிக்கிழமை காலையில் யாருக்கும் தெரியாமல் கடிதத்தை ஒரு அட்டைக்குள் வைத்துக் கம்பெனிக்கு எடுத்துப்போனார். மத்தியானம் செக்கிங் பெண்கள் சாப்பிடப் போனதும் மேசையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, கடிதத்தை அதன்மேல் வைத்தார். முதல் மூலையில் தொட்டும் தொடாமல் ஒரு சீற்று. மஞ்சள் கரைந்து துணிக்கு இறங்கிவிட்டது. தாள் பளிச்சென்று இருந்தது. ராக்கையாவுக்குச் சிரிப்பு வந்தது. ஜெர்மனிக்காரனே வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கட்டும். இரண்டாவது மூலை, மூன்றாவது மூலை.

நாலாவது மூலையில் மஞ்சளோடு நீலமும் கிளம்பியது. சீலின் ஓரம் கலங்கி, மங்கலாக ஒரு நீலத் திட்டு பரவியது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். முக்கால் சீல் மிச்சம் இருந்தது. ஆனால் திட்டைப் பார்த்தால் அந்தக் கை நிற்குமா? இருபத்திரண்டு வருஷம் பழகிய கை. அவர் ஐயோ என்று நினைப்பதற்குள் அது இன்னும் இரண்டு சீற்று அடித்து, துணியால் ஒற்றி எடுத்துவிட்டது. சீலும் இல்லை, கையெழுத்தும் இல்லை. அப்படியொரு சுத்தமான வேலையை அவர் வாழ்நாளில் செய்ததில்லை.

அன்று சாயங்காலம் அவர் கடிதத்தைச் சத்தமில்லாமல் ஃபைலுக்குள் வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் நாகஜோதி ஃபைலைத் திறந்தாள். முகம் வெளிறிவிட்டது. "சீல் எங்க?"

ராக்கையா வாயைத் திறப்பதற்குள் வெள்ளையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ தாயி, என் மஞ்சதான் தின்னுருச்சு. ஈரத்தோட வச்சேன். நான்தான் ஈரத்தோட வச்சேன்."

இப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா? வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தார்? மனுஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மஞ்சள் மூலைகள் எப்படி வெள்ளையாயின என்று அந்தக் கலவரத்தில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கல்லூரிக்கு ஃபோன் போட்டால் சனி ஞாயிறு யாரும் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது வெள்ளையம்மாள் மகள் பக்கமே வரவில்லை. பக்கத்து வீட்டுச் சுப்பாத்தாளைக் கூப்பிட்டுத் திருநீறு வைக்கச் சொன்னாள்.

"ஏனுங்கக்கா, பெத்தவீங்க நீங்க இருக்கறப்ப நானுங்களா?" என்று தயங்கினாள் சுப்பாத்தாள்.

"என் கை வெளங்காத கைம்மா. நீ வையி."

ராக்கையா அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார். அப்போதும் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் இறங்கிவிட்டார்.

திங்கட்கிழமை விசா ஆபீஸுக்கு எதிரே நடைபாதையில் அவர் நடந்த நடைக்குத் திருப்பூருக்கே திரும்பியிருக்கலாம். பதினோரு மணிக்கு நாகஜோதி வெளியே வந்தாள்.

"ஜெராக்ஸ்ல சீல் இருக்கு, அசல்ல இல்ல, யார் அழிச்சதுன்னு கேக்குறாகப்பா. நானே ஏதோ திருத்தப் பாத்தேன்னு சந்தேகப்படுறாக. நடந்ததை எழுதி, செஞ்சவுக கையெழுத்தோட குடுக்கச் சொல்றாக. அம்மா மஞ்ச வச்சதை எழுதப் போறேன்."

"உங்கம்மா இல்ல தாயி. நான்."

எல்லாவற்றையும் சொன்னார். நாகஜோதி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பேனாவை எடுத்து அவர் சொன்னதை இங்கிலீஷில் எழுதினாள். அவர் தமிழில் கையெழுத்துப் போட்டார்.

உள்ளே அவரையும் கூப்பிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு தமிழ்க்கார அம்மா உட்கார்ந்திருந்தார். கடிதத்தின் மூலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எதுக்குங்க அழிச்சீங்க?"

"மஞ்சக் கறைம்மா. கறையோட குடுத்தா வேண்டாம்னுருவீகன்னு..."

அந்த அம்மா பக்கத்தில் இருந்த மற்றவர்களுடைய ஃபைல் அடுக்கிலிருந்து நாலைந்து தாள்களை எடுத்துக் காட்டினார். எல்லாவற்றிலும் மூலையில் மஞ்சள். ஒன்றில் குங்குமமும் இருந்தது.

"தினமும் இப்படித்தான் வருது. இதுக்காக யாரையும் நாங்க திருப்பி அனுப்பினதில்ல" என்றார். புதுக் கடிதம் பல்கலைக்கழகத்திலிருந்து நேராகத் தங்களுக்கே வரட்டும், அதுவரை முடிவு சொல்ல முடியாது என்று பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது நாகஜோதி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அம்மாகிட்ட நீங்களே சொல்லணும்."

சொல்லத்தான் நினைத்தார். இன்றைக்குச் சொல்வோம், விசா வந்ததும் சொல்வோம் என்று இருபது நாள் ஓடியது. அந்த இருபது நாளும் வெள்ளையம்மாள் விளக்கேற்றவில்லை. கூரியர் பையன் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வாள்.

இருபத்தோராம் நாள் உறை வந்தது. நாகஜோதி பிரித்தாள். பாஸ்போர்ட்டில் விசா ஒட்டியிருந்தது. அவள் அழுதுகொண்டே அம்மாவிடம் நீட்டினாள். வெள்ளையம்மாள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் தொடல. நீயே உள்ள வையி."

ராக்கையாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "ஒங் கை ஒண்ணும் பண்ணல வெள்ளை. நான்தான் கம்பெனிக்குக் கொண்டுபோயி மருந்தடிச்சேன். சீலு அதுல போச்சு."

வெள்ளையம்மாள் பின்னால் கட்டியிருந்த கையை எடுத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அந்தச் சனிக்கெழமையே தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்."

"எம் புள்ள நெத்தியில அடுத்த வீட்டுக்காரிய வைக்கச் சொன்னேன். பாத்துக்கிட்டுத்தான நின்னீக?"

 அவள் உள்ளே போய் மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்துக்கொண்டு வந்தாள். மகள் நெற்றியில் வைத்தாள். உறையின் நாலு மூலையிலும் வைத்தாள். மிச்சத்தை, புருஷனின் வலது கையைப் பிடித்து இழுத்து, மருந்து பட்டு வெளிறிப்போன ஐந்து விரலிலும் அழுத்தித் தேய்த்தாள்.

"இந்தக் கறையவும் எடுத்துருவீகளோ, பாக்குறேன்."

மறுநாள் காலை கம்பெனியில் வெள்ளை பீஸ் மலையாகக் குவிந்து கிடந்தது. முதலாளி மகுடேஸ்வரன் அவர் கையைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"ஏனுங்க ராக்கையா, இந்தக் கையோட வெள்ள பீஸைத் தொடறதுங்களா? உங்க மருந்திலயே ஒரு சொட்டு விட்டுக் கழுவிட்டு வாங்க."

"இன்னைக்கு லீவு போட்டுக்குறேங்க மொதலாளி" என்றார் ராக்கையா. வேட்டியில்கூடப் பட்டுவிடாமல் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.