ஜானகியக்காவின் வீட்டுக்காரர்

வேணுகோபாலுக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. கோவில்பட்டியில் விதைக்கடை வைத்திருக்கிறார். அம்மா போனபின் புளிக்குழம்பு வைக்கப் பழகலாமே என்று பேஸ்புக்கில் ஒரு சமையல் குழுவைக் கண்டுபிடித்தார். அது பெண்களுக்கு மட்டுமாம். மனுஷன் என்ன செய்வார்? ஜானகியம்மாள் என்று அம்மா பெயரைப் போட்டு உள்ளே நுழைந்துவிட்டார்.

ஒரே வாரத்தில் குழம்பு கைவந்துவிட்டது. அத்தோடு வெளியே வந்திருக்கலாம். ஆனால் "சாப்ட்டியளாக்கா?" என்று கேட்க அங்கே ஆள் இருந்தது. மழைக்கு முந்திய மாதங்களில் விதைக்கடைப் பக்கம் ஈ காக்கை எட்டிப் பார்க்காது. வீட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

குழுவில் ஆளாளுக்குப் புருஷனைக் குறை சொன்னார்கள். ஜானகியக்கா மட்டும் சும்மா இருந்தால் நன்றாகவா இருக்கும்? "எங்க வீட்டுல அவிய வாயத் தொறந்து ஒரு வார்த்த பேச மாட்டாவ" என்று எழுதிவைத்தார். அறுபது பேர் ஆறுதல் சொன்னார்கள். அவர் ஆயுசில் அத்தனை ஆறுதல் கிடைத்ததில்லை. ருசி கண்டுவிட்டார். அந்தப் புருஷன் நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போனான்.

எல்லாரையும்விட அதிகம் ஒட்டிக்கொண்டவள் சங்கரன்கோவில் முத்துச்செல்வி. அவளோடு தினமும் எழுதிப் பேசும் அரைமணி நேரத்தைக் கழித்துவிட்டால் வேணுகோபாலின் நாளில் ஒன்றுமே மிஞ்சாது.

பங்குனி வெயிலில் கூழ்வத்தல் காயப்போட்டுப் படம் போட்டதில்தான் கோட்டைவிட்டார். துணி பறக்காமலிருக்க மூலைக்கொன்றாக வைத்த, விதை நிரப்பிய மஞ்சப்பைகளில் கடைப்பெயரும் தெருவும் ஊரும் பளிச்சென்று தெரிந்தன. உத்திரத்துக்குக் கழுகுமலை வந்த முத்துச்செல்வி, அப்படியே பஸ் ஏறிக் கடைக்கு வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, நான் முத்துச்செல்வி. ஜானகியக்கா இருக்காவளா?"

உண்மையைச் சொன்னால் இன்றோடு இவள் போய்விடுவாள். "எட்டயபுரம் போயிருக்கா" என்றார்.

"நீங்கதான் அவிய வீட்டுக்காரரா?"

வேணுகோபால் தலையாட்டினார். அவள் முகம் மாறிவிட்டது. கையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை மேசையில் வைத்தாள்.

"இத அக்காட்ட குடுத்திருங்க. அவிய பாவம், தனியாக் கெடந்து பொலம்புதாவ. ரெண்டு வார்த்த பேசுனா கொறஞ்சா போயிருவீய?"

அவளிடம் சொல்ல அவருக்கு எவ்வளவோ இருந்தது. அவளுடைய மகன் படிப்பு, மாமியார் முழங்கால் வலி எல்லாம் அவருக்குத் தெரியும். ஒன்றைக்கூடக் கேட்க முடியவில்லை. பாழாய்ப்போன வாய், தண்ணீர் குடிக்கிறாயா என்றுகூடக் கேட்கவில்லை. அக்கா சொன்னது அத்தனையும் நிஜம்தான் என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு முத்துச்செல்வி போய்விட்டாள்.

சாயங்காலம் செய்தி வந்தது. "அக்கா, ஒங்க வீட்டுக்காரரப் பாத்தேன். நீங்க சொன்னது கம்மி. இந்த மனுசனோட எப்படிக்கா ஒரே வீட்டுல இருக்கீய?"

வேணுகோபால் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து ஒன்றைக் கடித்தார். பிறகு எழுதினார்.

"இருக்க முடியலட்டி."