இருபது–பூச்சியம்

1.

இதைக் கதையாக எழுதும்படி என்னை யாரும் கேட்கவில்லை. ஒரு விளையாட்டு மலருக்கு 'பட்மின்டன்: அடிப்படை விதிகள்' என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். எனக்கு மட்டையைப் பிடிக்கவே தெரியாது. அதனால் ஹேவாஹெட்டப் பக்கத்துப் பாடசாலையொன்றில் விளையாட்டு ஆசிரியையாக இருக்கும் பிரேமிளாவைக் கண்டிக்கு வரவழைத்து, ஒரு தேநீர்க்கடையில் உட்காரவைத்துக் கேட்டேன். அவர் விதிகளைச் சொன்னார். ஒவ்வொன்றையும் அழகமுத்து என்பவர் தன்னிடம் கேட்ட கேள்வியோடு சேர்த்தே சொன்னார். அழகமுத்துவை எடுத்துவிட்டு விதிகளை மட்டும் எழுதப் பார்த்தேன். வரவில்லை.

2.

[அன்று மலை ஒருமுறை இருமியது. பிறகு—]

வேண்டாம். மலை இருமாது. மழையில் மண் சரிந்தது, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த ஒரு லயன் வரிசை அப்படியே போயிற்று. அழகமுத்து அப்போது தேயிலைத் தொழிற்சாலையில் வேலையில் இருந்ததால் தப்பினார். மனைவி பாலம்மாவை எடுத்து அடக்கம் செய்தாயிற்று. மகள் டிலுக்ஷியை இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

டிலுக்ஷி பிரேமிளாவின் மாணவி. பாடசாலைக்காக ஒற்றையர் ஆட்டம் ஆடியவள். தப்பியவர்களைத் தங்கவைத்ததும் அந்தப் பாடசாலை மண்டபத்தில்தான். பட்மின்டன் கோடுகளின் மேல் பாய்களை விரித்துப் படுத்தார்கள்.

(கதைக்குள் காலெடுத்து வைத்ததும் பிரேமிளா 'அவள்' ஆகிவிடுகிறாள். நம் எழுத்தின் கெட்ட பழக்கம். பொறுத்துக்கொள்ளட்டும்.)

பிரேமிளா சோற்றுப் பார்சல் கொடுத்துக்கொண்டு வந்தாள். அழகமுத்து பாயின் ஓரத்தை மடித்துத் தரையைக் காட்டினார்.

"டீச்சர், இந்தக் கோடு எதுக்கு?"

"பந்து இதுக்குள்ள விழணும்ண்ணே. கோட்டுல பட்டாலும் உள்ளதான்."

"வெளிய விழுந்தா?"

"பொயின்ட் மத்தவங்களுக்குப் போயிரும்."

அவர் பார்சலைப் பிரிக்கவில்லை. "இருபத்தொண்ணு பத்தொம்பதுன்னு வந்து சொல்லும் புள்ள. சரி சரி, போய்க் கைய கழுவுன்னுருவேன். ஜெயிச்சுச்சா தோத்துச்சான்னுகூட கேட்டதில்ல டீச்சர்."

3.

இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. மகளை மண்ணுக்குள் தேடிக்கொண்டிருக்கும்போது ஒரு தகப்பன் விளையாட்டைப் பற்றியா கேட்பார்? பிரேமிளாவிடமே கேட்டுவிட்டேன்.

"வேற எதைக் கேக்கச் சொல்றீங்க?" என்றார் அவர். தேநீர் ஆறிப்போயிருந்தது.

அதன்பிறகு நான் சந்தேகப்படவில்லை.

தினமும் சாப்பாட்டு நேரத்தில் அழகமுத்து ஒரு விதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். (மலருக்குரிய பகுதி இதுதான்: இருபத்தொரு புள்ளி எடுத்தால் ஆட்டம் முடியும். இருவரும் இருபதில் நின்றால் இரண்டு புள்ளி முந்த வேண்டும். முப்பதைத் தொட்டால் அத்தோடு சரி. சர்வீஸ் போடுகிறவரின் புள்ளி இரட்டை எண் என்றால் வலப்பக்கம், ஒற்றை என்றால் இடப்பக்கம் நின்று குறுக்காக அடிக்க வேண்டும்.)

4.

தேடுவதை நிறுத்தியாயிற்று என்று சொன்னார்கள். மறுநாளே மண்டபத்தையும் காலிசெய்யச் சொன்னார்கள். எல்லோரும் மூட்டைகளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அழகமுத்து உள்ளே வந்தார்.

"புள்ளையோட மட்டை இருக்கா டீச்சர்?"

அலுமாரியில் இருந்தது. எடுத்துக் கொடுத்தாள்.

"ஒரு ஆட்டம் போடுங்க."

பிரேமிளா வலையைக் கட்டினாள். மெதுவாக, அவருக்கு எட்டும்படி சர்வீஸ் போட்டாள். அவர் மட்டையைத் தூக்கவில்லை. பந்து காலடியில் விழுந்தது.

"ஒண்ணு–பூச்சியம்," என்று அவரே சொன்னார். பந்தை வலைக்கடியில் தள்ளிவிட்டு, மறுபக்கக் கட்டத்துக்கு மாறி நின்றார். விதி சரிதான்.

அடிக்கத் தெரியவில்லை போலும் என்று நினைத்தாள். அடுத்ததை மட்டையிலேயே படும்படி போட்டாள். அவர் மட்டையை விலக்கிக்கொண்டார்.

"அடிங்கண்ணே."

"நீங்க போடுங்க டீச்சர்."

ஒன்றுகூட அடிக்கவில்லை. ஒவ்வொன்றும் விழும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். விழுந்ததும் எண்ணிக்கையைச் சொன்னார். பதினொன்றில் ஓர் இடைவேளை உண்டு என்று அவள் ஞாபகப்படுத்தியும் நகரவில்லை.

[அவர் மனதில் ஓடியது என்ன என்று இங்கே மூன்று வரி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். பிரேமிளாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.]

"இருபது–பூச்சியம். இன்னும் ஒண்ணுதான்," என்றார்.

5.

முடிவு ஒன்று: அவள் போட்டாள், அது விழுந்தது, அவர் பஸ் ஏறினார். எழுதிப் பார்த்தேன். என் கையே கூசிற்று.

முடிவு இரண்டு: அந்த நேரம் வாசலில் டிலுக்ஷி [இல்லை. இதை எழுதுகிறவன் மனிதனே அல்ல.]

நடந்தது இது. பிரேமிளாவுக்குக் கை எழவில்லை. பிறகு எழுந்தபோது பந்தை வலையில் அடித்தாள்.

"வேணும்னே போட்டீங்க."

"ஆமாண்ணே."

"அது தப்பில்லையா?"

"தப்புதான். அதனாலதான் பொயின்ட் உங்களுக்கு. சர்வீஸும் இனி உங்களுக்குத்தான்."

அவள் பந்தைத் தள்ளிவிட்டாள். அவர் குனிந்து எடுத்து, அதன் இறகை விரலால் நீவினார். "ஒண்ணு–இருபது," என்றார். ஒன்று ஒற்றை எண். இடப்பக்கம் போய் நின்றார்.

"அப்புறம்?" என்று நான் கேட்டேன்.

"அதை எழுதாதீங்க," என்றார் பிரேமிளா. எழுதமாட்டேன்.

அழகமுத்து அங்கேதான் நிற்கிறார். வேண்டுமென்று தாமதிப்பதும் தப்புதான், ஆனால் சொல்ல நடுவர் இல்லை. வெளியே பஸ்காரர் ஹோர்ன் அடிக்கிறார். சர்வீஸ் வரும்வரை எதிரே நிற்பவர் இரண்டு காலையும் தரையில் ஊன்றி, அசையாமல் நிற்க வேண்டும்.

பிரேமிளா நின்றது போதும். இனி நீங்கள் நில்லுங்கள்.