கூட்டமெல்லாம் வெளியே

மண்டபம் நிறையாவிட்டால் இந்த ஞாயிறோடு சரி என்று பாக் ஓமோன் சொல்லிவிட்டார். அவர்தான் எங்கள் வட்டாரத் தலைவர். பண்டுங் நகரின் கிழக்குக் கோடியில் இருக்கும் இந்த இறகுப்பந்து மண்டபத்தின் சாவி அவர் கையில் இருந்தது. காதைப் பிளக்கும் மெட்டல் இசைக் கச்சேரி என்று போய் நின்றால் நகரத்துக்குள் எல்லோரும் கையை விரித்தாகிவிட்டது. ஓர் இடம் காபிக்கடை ஆனது. இன்னோர் இடத்தில் அக்கம்பக்கத்தார் போலீஸுக்குப் போனார்கள். எங்கள் கறுப்புச் சட்டைக் கும்பலுக்கு மிச்சம் இந்தத் தகரக் கூரை மட்டும்தான். அதையும் ஞாயிற்றுக்கிழமைகளில் உடற்பயிற்சி நடனத்துக்குக் கேட்டு, இபு எந்தின் என்ற அம்மாளின் தலைமையில் பெண்கள் நடையாய் நடந்துகொண்டிருந்தார்கள்.

"காலி மண்டபத்துல கத்துறதுக்கு எதுக்குக் கரண்டு, நெங்? எங்க ஆளுங்க வந்தா சுவத்துல சாயக்கூட இடமிருக்காது" என்று அந்தம்மா சந்தையில் வைத்தே என்னிடம் கேட்டாள். சின்னப் பெண் என்பதால் பெரியவர்களுக்கு நான் நெங்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க இபு, உங்களுக்கு நிக்க இடம் கிடைக்குதான்னு" என்று வாயை விட்டுவிட்டேன்.

வாயை விட்டபிறகுதான் யோசித்தேன். டிக்கெட் வாங்கி வருகிற ரசிகர் என்ற இனமே எங்கள் பக்கம் அருகிவிட்டது. வருகிறவன் எல்லாம் ஏதோ ஒரு குழுவில் வாசிக்கிறவன்தான். சரி, குழுக்களைக் கூட்டினால் கூட்டம் தானாகச் சேர்ந்துவிடும். கேட்டவர்களுக்கெல்லாம் மேடையில் இடம் கொடுத்தேன். எங்கள் குழுவில் டிரம் அடிக்கும் காங் ஜாஜங் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஏய் நினிங், இத்தனை பேர் எப்படி வாசிக்கிறது? ஆளுக்கு ரெண்டு பாட்டா?"

"ரெண்டு பாட்டு போதும் காங். எனக்கு ஆளு வேணும்."

"ஆளு வருவாங்க. கேக்குறவங்க?"

"வாயைக் கழுவுங்க காங்."

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மோட்டார் சைக்கிள்கள் முன்வாசலை அடைத்து ரோடு வரை நின்றன. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. முதல் குழு முழங்க ஆரம்பித்ததும் உள்ளே எட்டிப் பார்த்தேன். மண்டபம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மேடையில் வாசிப்பவர்கள், மூலையில் மைக்செட்காரர், அவ்வளவுதான்.

எல்லோரும் வெளியே சிலோக் வண்டியைச் சுற்றி நின்றார்கள். சிலோக் என்கிற மாவு உருண்டையைக் குச்சியால் குத்தித் தின்பதும், கிராம்புச் சிகரெட் புகைப்பதும், ஒருவன் கிட்டாரை இன்னொருவன் வாங்கித் தடவிப் பார்ப்பதுமாக ஒரே கொண்டாட்டம். தன் முறை வந்தால் ஒருவன் உள்ளே போவான். இரண்டு பாட்டு வாசித்துவிட்டு வியர்வையோடு வெளியே வந்து, வண்டிக்காரரிடம் கடலைச் சட்னி கூடக் கொஞ்சம் ஊற்றச் சொல்வான்.

"உள்ள போய் நில்லுங்கடா!" என்று கத்தினேன். பையன்களுக்கெல்லாம் நான் தேத்தே, அதாவது அக்கா.

"போறோம் தேத்தே, இது ஒண்ணு முடியட்டும்."

"எது முடியணும்?"

"சிலோக்கு."

ஒரு கும்பலைத் தள்ளிக்கொண்டுபோய் உள்ளே விட்டால், பக்கக் கதவு வழியாக இன்னொரு கும்பல் வெளியே வந்தது. மாலைத் தொழுகைக்கான அஸர் பாங்குக்காகச் சத்தத்தை நிறுத்தினோம். தொழப் போனவர்களில் பாதிப் பேர் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார்கள். வாசலுக்கும் மேடைக்குமாக அலைந்து எனக்குக் கால் ஓய்ந்தது, வாய் ஓயவில்லை. பாக் ஓமோன் வந்துவிடுவாரோ என்று கண் மட்டும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

பாக் ஓமோன் கைலியும் தொப்பியுமாக வந்தார். பின்னால் இபு எந்தின். வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் தலைவர் முகம் மலர்ந்தது, எனக்கு உயிர் வந்தது. அப்புறம் அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். திரும்பி என்னிடம் வந்தபோது குரலில் கோபமே இல்லை.

"நல்ல பிள்ளைங்க நெங். சண்டை இல்ல, குடி இல்ல. கூடிப் பேசுறாங்க, சாப்பிடுறாங்க. பார்க்கவே சந்தோசமா இருக்கு."

"அப்ப மண்டபம் எங்களுக்குத்தானே பாக்?"

"மண்டபம் எதுக்கும்மா? இதுக்கு இந்த வாசலே போதுமே. மாசாமாசம் வந்து உக்காருங்க, நானே பாய் போடச் சொல்றேன்."

"வெளிய வச்சு வாசிக்க முடியாது. பள்ளிவாசல் பக்கத்துலயே இருக்கு."

"வாசிக்கவா? அதைத்தான் யாரும் காதுலயே வாங்கலையே."

இபு எந்தின் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

"ஏன், நாங்க கேக்குறோம்!" என்றேன். குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

பாக் ஓமோன் பொறுமையாகத் தலையாட்டினார். "சரி. இப்ப உள்ள பாடுறாங்களே, அவங்க யாரு?"

வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை. அவர்கள் எப்போது மேடை ஏறினார்கள் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து ஒரு பாட்டையும் நான் முழுதாகக் கேட்டிருக்கவில்லை. பாக் ஓமோன் பதிலுக்காக நிற்கவில்லை. அடுத்த ஞாயிறிலிருந்து வந்துவிடுங்கள் என்று இபு எந்தினிடம் சொல்லிக்கொண்டே நடந்தார்.

வெட்கமும் அழுகையும் சேர்ந்து முட்டிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று உள்ளே போய், மேடைக்கு நேர் எதிரில், அத்தனை பெரிய தரையில் தனியாக நின்றேன். நாலு பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பாடுகிறவன் கண்ணை மூடித் தொண்டையைக் கிழித்துக்கொண்டிருந்தான், கழுத்து நரம்பு புடைத்திருந்தது. டிரம் அடி ஒவ்வொன்றும் என் நெஞ்சில் வந்து இறங்கியது. சத்தியமாக நன்றாக இருந்தது.

அவன் கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்ததும் பாட்டை நிறுத்திவிட்டு மைக்கிலேயே கேட்டான்.

"நேரமாயிடுச்சா தேத்தே? இறங்கணுமா?"

"இல்லப்பா. கேக்கத்தான் வந்தேன். நீ பாடு."

அவன் மற்ற மூவரையும் திரும்பிப் பார்த்தான். கிட்டார்க்காரன் ஏற்கெனவே குனிந்துவிட்டிருந்தான்.

"கோவிச்சுக்காதீங்க தேத்தே, இதோ முடிச்சிட்டோம்" என்று சொல்லி, வயர்களைப் பிடுங்க ஆரம்பித்தார்கள்.