அவளுக்கு மட்டும் ஒரு ஃபோன்

மூத்த மகள் பிறந்த அன்று ‘கட்டளை’ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்கு வயது ஐந்து மணி நேரம். எந்த கீபோர்டு சிறந்தது என்று ஒரு குழுவில் சண்டை போட்டுக்கொண்டிருந்ததில், மனைவி அனுப்பிய பதினோரு மெசேஜும் அடியில் போய்விட்டன. கட்டளை என்பது அவனுக்கு ஆபீசில் வைத்த பேர். நாள் முழுக்கக் கருப்புத் திரையில் கட்டளை அடிப்பவனுக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்?

இப்போது இரண்டாவது. ஒன்பதாம் மாதம் தொடங்கியதுமே மனைவி சொல்லிவிட்டாள். “இந்தத் தடவை நீங்க பக்கத்துல இருக்கணும். எனக்கு வேற எதுவும் வேண்டாம்.”

வேறு யாராவது என்றால் ஃபோன் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார்கள். இவன் படித்தவன் ஆயிற்றே. லினக்ஸ் ஓடும் ஃபோன் ஒன்றை வரவழைத்தான். உள்ளே இருப்பதை யார் வேண்டுமானாலும் பிரித்து மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் அதன் பெருமை. அதில் ஒரே ஒரு ஆப்தான் ஓடும், அந்த ஆப்பிலும் மனைவியின் மெசேஜ் மட்டும்தான் வரும் என்று அறிவித்தான்.

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதாக ஆபீசில் சொல்லிவிட்டு இரண்டு வாரம் உட்கார்ந்தான். அந்த இரண்டு வாரமும் அவள் கூப்பிட்டது எதுவும் அவன் காதில் விழவில்லை. அவளுக்காகத்தானே செய்துகொண்டிருந்தான்.

கேமரா போனது, விளையாட்டுகள் போயின. கண்டவனும் கூப்பிடுவான் என்று சிம்மைக் கழற்றினான், வைஃபை போதும். செட்டிங்ஸ் போனது, எதை மாற்றுவதானாலும் வீட்டுக் கம்ப்யூட்டரில் கேபிளைச் செருக வேண்டும். நெட் இருக்கிறதா என்று காட்டும் மேல்பட்டை கண்ணை உறுத்தியது, அதுவும் போனது. கடைசியில் கீபோர்டும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிறவனுக்குக் கதவை மட்டும் விட்டுவைக்கவா மனசு வரும்?

“அப்போ பதில் எப்படிப் போடுவீங்க?” என்றாள் மனைவி.

“பதில் எதுக்கு? பாத்த உடனே கிளம்பி வந்துருவேன்.”

அது மட்டும் அவளுக்குப் பிடித்திருந்தது. அடுத்த அறையிலிருந்து நாற்பது தடவை ‘ம்’ என்று அனுப்பிப் பார்த்தாள். நாற்பது தடவையும் மணி அடித்தது. அவன் பழைய ஃபோனை அணைத்து மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினான்.

மறுநாள் ஆபீசில் வரச் சொன்னார்கள். செருப்பை மாட்டும்போதே மெசேஜ் வந்தது: ‘இன்னும் வலி வரல. நிம்மதியா வேலையப் பாருங்க.’

நிம்மதியாகப் பார்த்தான். ஒவ்வொரு மேசையாகப் போய் ஃபோனைக் காட்டவும் செய்தான். கணக்குப் பிரிவு அம்மா மட்டும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார். “நெட் இல்லேன்னா எப்படிப்பா தெரியும்?”

“அதெல்லாம் தேவையில்லாத டென்ஷன் மேடம்.”

மதியம் எடுத்துப் பார்த்தான். வலி வரவில்லை. நான்கு மணிக்கும் வரவில்லை. இவ்வளவு அமைதியான நாளை அவன் பார்த்ததே இல்லை.

மாலையில் வீட்டுப் படி ஏறும்போது பையிலிருந்த ஃபோன் அடித்தது. நிறுத்தாமல் ஏழு தடவை அடித்தது. கதவு பூட்டியிருந்தது. அந்த ஃபோனுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு வைஃபைதான் தெரியும், அது இந்த வீட்டு வைஃபை என்பது பூட்டின் முன்னால் நிற்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது.

‘வலி ஆரம்பிச்சுடுச்சு.’

‘பக்கத்து வீட்டு அக்காவோட ஆட்டோல போறேன். நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க.’

‘பதில் வராதுன்னு தெரியும். கிளம்பியிருப்பீங்க.’

‘டிராஃபிக்கா?’

‘உள்ள கூட்டிட்டுப் போறாங்க. டாக்டர்கிட்ட “ரெண்டு நிமிஷம் இருங்க, அவர் வந்துட்டே இருக்கார்”னு சொல்லியிருக்கேன்.’

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு படம்; துணிக்குள் சுருங்கிய ஒரு முகம். கடைசி மெசேஜ் அதற்குக் கீழே இருந்தது.

‘பையன். அக்காதான் கையப் பிடிச்சுட்டு இருந்தாங்க. ஃபோன் நல்லா வேலை செய்யுதா?’

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தையாவது எழுதிவிடலாம் என்று திரையில் விரலை வைத்தான். கீபோர்டு இல்லை.