எட்டாம் நம்பர் செருப்பு

அப்பாவின் இரத்த அணுக்களை நானே எண்ணினேன். உடுமலை லேபில் எனக்கு அதுதான் வேலை. நூறு வெள்ளையணுக்களில் ஐந்தாறு இருக்க வேண்டிய ஈசினோபில், அவருக்கு நாற்பத்தெட்டு. சந்தேகப்பட்டு மறுபடி எண்ணினேன். நாற்பத்தொன்பது.

மூன்று வருடமாக இதே கூத்து. கொக்கிப்புழு. மாத்திரை போட்டால் போகும், அடுத்த மழைக்குத் திரும்ப வரும். அப்பா சாமுவேல் தென்னந்தோப்பில் தண்ணீர் கட்டுகிறவர். ஈர மண்ணிலிருந்து வெறுங்கால் வழியாக ஏறும் புழு அது. முதல் தடவையே எட்டாம் நம்பர் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலைக்குப் போனார்.

"பண்ணாடி தோப்புக்குள்ள எப்படிக் கண்ணு செருப்போட போறது?"

எங்கள் தெரு ஆண்கள் எல்லோரும் அப்படித்தான் போனார்கள். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூற்றாறாம் வருடம் ஐப்பசியில் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. கோயமுத்தூரில் எக்கோ எடுத்தோம். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை.

"புழுவைக் கொல்லக் கிளம்பின அணுக்கள் வருசக்கணக்கா இதயத்துலயும் போய் உட்கார்ந்து, உள்சுவரைப் புண்ணாக்கிடுச்சு. அது தழும்பா இறுகிப்போச்சும்மா. இனிமேலாவது புழு ஏறவிடாதீங்க, மிச்சத்தைக் காப்பாத்தலாம்."

நேராக அப்பாவின் பண்ணாடி, தோப்புக்காரர் வேங்கடசாமியின் வீட்டுக்குப் போனேன். செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றேன்.

"எங்கப்பா இனிச் செருப்போடத்தான் தோப்புக்குள்ள வருவாருங்க."

பேப்பரை மடித்துவிட்டுச் சிரித்தார். "நான் எப்ப அம்மணி வேண்டாம்னேன்? சாமுவேலு தானாத்தான கழட்டறான்?"

அந்தச் சிரிப்புக்கு ரிப்போர்ட்டை மூஞ்சியில் எறிந்திருக்க வேண்டும். அதைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

வீட்டில் செருப்பை எடுத்து அப்பாவின் காலடியில் போட்டேன். "போடுங்கப்பா. பண்ணாடியே சொல்லிப்போட்டாரு."

பண்ணாடி சொன்னார் என்றதும் காலை நீட்டினார். நுழையவில்லை. பாதம் நீர்கோத்து வீங்கியிருந்தது, விரல் வைத்தால் குழி விழுந்தது. வாரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். கட்டைவிரல் மட்டும் போனது.

"பெருசா ஒண்ணு வாங்கியாறயா கண்ணு?"

"மூணு வருசமா இதைப் போட்டிருந்தா என்னங்கப்பா?" தெருவே கேட்கக் கத்தினேன். கத்த வேண்டிய வாசலில் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டு, மூச்சு வாங்கும் மனிதரிடம் கத்தினேன்.