கம்பள வண்டியின் காய்ச்சல்

சேலையூர் கேம்ப் ரோட்டை ஒட்டிய அந்தத் தெருவில், ஜீவரத்தினத்தின் மெட்டடார் வேனைக் கம்பளம் கழுவும் வண்டி என்று யாரும் நம்பியதில்லை. பின்பக்கம் ஓர் இன்ஜின், இரண்டு தொட்டி, தடித்த நீளக் குழாய். பார்த்தவர்கள் எல்லாரும் கழிவுநீர் லாரி என்றே முடிவுகட்டினார்கள். "எங்க வூட்டு செப்டிக் டேங்குக்கு எப்பண்ணா வருவே?" என்று வண்டி ஓட்டும் எத்திராஜைக் கேட்காத ஆள் பாக்கி இல்லை. முதலில் சண்டைக்குப் போனவன், பிறகு "அடுத்த ஜென்மத்துல" என்று சொல்லப் பழகிக்கொண்டான்.

ஜீவரத்தினம் குவைத்தில் சுத்தம் செய்யும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தவர். போர் வந்ததும் உடுத்திய துணியோடு ஊர் திரும்பினார். துறைமுகத்தில் கேட்பாரற்றுக் கிடந்த இந்த மிஷினை வாங்கி, வேனில் ஏற்றி, மாடம்பாக்கத்து எத்திராஜைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். ஏசி தியேட்டர், ஓட்டல், கல்யாண மண்டபம் என்று சென்னையில் எங்கே பார்த்தாலும் கம்பளம் விரிக்க ஆரம்பித்திருந்த நேரம். விரித்தவர்களுக்குக் கழுவத் தெரியாததால் இவர்கள் பிழைப்பு ஓடியது. மிஷின் சுடுதண்ணீரைக் கம்பளத்தில் பீய்ச்சும். அதிலுள்ள புளோயர் அந்த அழுக்குத் தண்ணீரைக் குழாய் வழியே உறிஞ்சித் தொட்டியில் சேர்க்கும். புளோயர் படுத்தால் அது வெறும் தண்ணி வண்டிதான்.

தொண்ணூற்றாறு ஐப்பசியில் புளோயருக்குக் காய்ச்சல் வந்தது. ஓடவிட்ட கொஞ்ச நேரத்தில், மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுர்ரென்று ஆவியாகும் அளவுக்குச் சுட்டது. வந்த நேரமும் நல்ல நேரம்தான்! கேளம்பாக்கம் தாண்டிக் கடற்கரையோரம் ஒரு பெரிய ஓட்டலில் மறுநாள் வேலை. அதைச் சரியாக முடித்துக் கொடுத்தால் வருஷம் முழுக்க அவர்கள் வேலை இவர்களுக்கே. கையில் வேறு வேலையும் இல்லை. இது போனால் கடை கட்டவேண்டியதுதான் என்பது இருவருக்குமே தெரியும். நாற்பத்தைந்து தாண்டிய எத்திராஜுக்கு வேறு வேலை எவன் கொடுப்பான்?

அன்று காலையிலேயே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்தான். எண்ணெய் அளவு சரி. பெல்ட் இறுக்கம் சரி. அழுக்குத் தொட்டியின் பில்டரைக் கழற்றிப் பார்த்தான், அதுவும் சுத்தம். கடைசியில் உறிஞ்சும் குழாயையே கழற்றிவிட்டு, புளோயரைச் சும்மா ஓடவிட்டான். இழுக்க ஒரு பாரமும் இல்லை, அப்போதும் சுட்டது.

"சார், இழுக்குற பக்கம் ஒண்ணுமில்ல. வெளிய தள்ற பக்கம்தான் இன்னாவோ கீது" என்றான்.

புளோயர் காற்றை வெளியே விடுகிற சைலன்சரின் வாயில் கையை வைத்தான். ஆளைத் தள்ளுகிற மாதிரி வரவேண்டிய காற்று, ஜலதோஷம் பிடித்தவன் மூச்சாக வந்தது. ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டினான். உள்ளே பொலபொலவென்று ஏதோ உதிர்ந்தது. இறக்கிப் பார்த்தால், சைலன்சரின் அடிப்பக்கம் நனைந்த அப்பளமாக இருந்தது. உள்ளே இருந்த தகடுகள் துருப்பிடித்து, இற்று விழுந்து, காற்றுப் போகும் வழியை அடைத்துக் கிடந்தன.

எத்திராஜுக்கு உயிர் வந்தது. சைலன்சர்தானே! தாம்பரத்தில் ஒரு வெல்டிங் கடையில் சாயங்காலத்துக்குள் புதுசு கட்டிவிடலாம். சைலன்சர் இல்லாமலே ஒரு தரம் ஓடவிட்டுப் பார்ப்போம் என்று இன்ஜினை முடுக்கினான். தெருவே காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தது. சத்தத்துக்கு நடுவே இன்னொரு சத்தம், இரும்பை இரும்பு சுரண்டுகிற சத்தம், அவன் காதில் விழுந்தது. பதறி நிறுத்தினான். பெல்ட்டைக் கழற்றி, புளோயரைக் கையால் சுற்றினான். அரைச் சுற்றில் கடித்துக்கொண்டு நின்றது.

டார்ச் அடித்து உள்ளே பார்த்தான். காற்றை உருட்டித் தள்ளும் இரண்டு உருளைகளும் செம்மண்ணாகத் துருவேறி, ஒன்றையொன்று உரசி வரிவரியாகக் கிழிபட்டிருந்தன. அவற்றுக்கு நடுவே மயிரிழைதான் இடைவெளி. எந்த லேத்திலும் கடைந்து சரிசெய்கிற சமாச்சாரம் இல்லை. அந்தப் பாகம் இந்த ஊரில் எங்கும் கிடைக்காது.

ஜீவரத்தினமும் குனிந்து பார்த்தார்.

"பில்டர் நல்லாத்தான இருக்கு? தண்ணி எப்படி எத்திராஜ் உள்ள போச்சு?"

எத்திராஜும் அதைத்தான் யோசித்தான். தினம் வேலை முடிந்ததும் புளோயருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஈரம் காயும்வரை சும்மா ஓடவிடவேண்டும் என்று முதல் நாளே அவர் சொல்லிக்கொடுத்திருந்தார். ஒரு நாளும் அதை அவன் தவறவிட்டதில்லை. அப்படியிருக்க, எங்கிருந்து வந்தது தண்ணீர்?

யோசிக்க யோசிக்க அவன் முகம் வெளுத்தது.

வருஷாவருஷம் ஆயுத பூஜைக்கு அவன்தான் வண்டியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்பான். ஊரான் எச்சிலையும் குடிகாரன் வாந்தியையும் வருஷமெல்லாம் உறிஞ்சுகிற ஜீவனாயிற்றே, வெளியே மட்டும் கழுவினால் போதுமா? குழாயைக் கழற்றி, புளோயரின் வாய் வழியாக ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை ஊற்றுவான். அது உள்ளே இறங்கி, தாழ்வாக இருக்கும் சைலன்சரில் போய்த் தேங்கும். பூஜையில் வைத்த ஆயுதத்தை விஜயதசமி வரை தொடக்கூடாது. எண்ணெய் விடக்கூடாது, ஓட்டக்கூடாது. மாலையும் கழுத்துமாக, வயிற்றில் ஈரத்தோடு அது அப்படியே நிற்கும்.

"சார்..." என்றான். "நாந்தான் சார். பூஜைக்கு நாந்தான் உள்ள தண்ணி ஊத்துவேன். நானே கொன்னுட்டேன் சார் அத்த."

ஜீவரத்தினம் கைகளைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் கோபம் இல்லை.

"தெரியும் எத்திராஜ். முதல் வருஷமே பார்த்தேன்."

எத்திராஜுக்குப் புரியவில்லை. "பாத்தீங்களா? தப்புன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சார் சொல்லல?"

"நீங்க குளிச்சு விபூதி பூசிட்டு, அவ்வளவு பக்தியா நின்னுட்டிருந்தீங்க. நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன். உங்க சாமி காரியத்துல நான் வாய் வெச்சா மனசு நோகுமேன்னு பேசாம இருந்துட்டேன். ரெண்டு நாள்தான, ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்."

"நீங்க கையைக் கட்டிகினு நின்னதப் பாத்து, சாருக்கும் நம்ம பூஜ புடிச்சிருக்குன்னு நெனச்சேன் சார். உங்களுக்கோசரமும் சேத்துதான் வேண்டிகினேன்."

அவர் முனைக்கடை எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் ஓட்டலுக்குப் போன் பேசிவிட்டு வந்தார். "வேற ஆள் பார்த்துக்கறாங்களாம்" என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது? வேனை இரும்புக் கடைக்காரனும், எத்திராஜைத் தெருவும் பார்த்துக்கொள்ளவேண்டியதுதான்.

"மணி மூணாச்சு. உள்ள வந்து சாப்பிட்டுட்டுப் போங்க எத்திராஜ்."

அந்த 'போங்க'வை எத்திராஜால் தாங்கமுடியவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தரம் இந்த மனுஷன், "அறிவிருக்காடா உனக்கு?" என்று கத்திக் குடத்தைப் பிடுங்கியிருந்தால், வண்டி இன்றைக்கு உயிரோடு இருக்கும். இருவருக்கும் சோறு இருக்கும்.

"ஒரு தபா திட்டிடுங்க சார்" என்றான், அழுதுகொண்டே. "வாய்க்கு வந்தபடி திட்டுங்க. கேட்டுக்கறேன்."

ஜீவரத்தினத்துக்கும் கண் கலங்கியிருந்தது. உதடு ஏதோ சொல்ல முயன்றது.

"உங்களப் போய் நான் எப்படிங்க திட்டுவேன்" என்றார்.